ஒன்பது பேரும் பிழைத்தார்களே, மூன்றுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

ஜூன் 14, 2025. பொங்கோல் வாசகர் ஒருவர் கேட்டது

"என் மனைவிக்கு இது 19ஆம் வாரம். வயிற்றில் மூன்று குழந்தைகள். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் ஆபத்து, குறைமாதம், தீவிர சிகிச்சை என்றே பேசுகிறார். மாலி நாட்டில் ஒரு பெண்ணுக்கு ஒரே பிரசவத்தில் ஒன்பது பிறந்து, ஒன்பதும் நலமாக இருப்பதாக என் பெரியப்பா ஒரு செய்தியை அனுப்பினார். ஒன்பதே பிழைக்கிற காலத்தில் மூன்றுக்கு இத்தனை பயமுறுத்தல் எதற்கு? இங்கே சிங்கப்பூரில் மூன்று பெற்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

ஜூன் 14, இரவு

நான் பெற்றிருக்கிறேன் தம்பி. 2017 டிசம்பரில், 29ஆம் வாரத்தில். இரண்டு பையன்கள், நடுவில் ஒரு பெண். மூவரும் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆகவே நான் எழுதுவதைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பெரியப்பா அனுப்பிய செய்தியில் பாதிதான் இருக்கிறது.

மாலியைச் சேர்ந்த ஹலிமா சிஸ்ஸே 2021 மே 4ஆம் தேதி ஐந்து பெண், நான்கு ஆண் என ஒன்பது குழந்தைகளைப் பெற்றார். பிரசவம் மாலியில் நடக்கவில்லை, மொராக்கோவின் காசாபிளாங்காவில் நடந்தது. உள்ளூரில் இதற்கு வசதி போதாது என்று அவருடைய நாட்டு அரசே அங்கே அனுப்பிவைத்தது. போய்ச் சேர்ந்தபோது 25 வாரம். அங்கிருந்த மருத்துவர்கள் எப்படியோ 30ஆம் வாரம் வரை இழுத்துப் பிடித்தார்கள். அந்த ஐந்து வாரம் இல்லாவிட்டால் பெரியப்பாவுக்கு அனுப்ப இப்படி ஒரு செய்தியே இருந்திருக்காது. அத்தனை செய்தும் குழந்தைகளின் எடை அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள்தான் இருந்தது. குடும்பம் ஊர் திரும்பியது 2022 டிசம்பரில். பிறந்து ஒன்றரை வருடம் கழித்து!

உங்கள் டாக்டர் சொல்வதும் காசாபிளாங்கா மருத்துவர்கள் செய்ததும் ஒன்றுதான். அவருக்கு வேண்டியது வாரங்கள். அதைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 15

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். 1971 ஜூனில் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் ஒரு தாய்க்கு ஒன்பது பிறந்தன. இரண்டு இறந்தே பிறந்தன. மற்ற ஏழும் ஒரு வாரத்துக்குள் போய்விட்டன. இந்தச் செய்தியை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. பிழைத்தவர்களின் படம் ஊரைச் சுற்றிவருகிறது. பிழைக்காதவர்களைப் பெற்றவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். எங்கள் புளோக்கிலேயே அப்படி ஒரு தாய் இருந்தார். எனக்கு மூன்று என்று தெரிந்த பிறகுதான் தனக்கும் ஒரு காலத்தில் மூன்று இருந்ததாக மெல்லச் சொன்னார்.

ஜூன் 15, மாலை

"மூன்று என்றால் எத்தனை வாரத்தில் பிறக்கும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒற்றைக் குழந்தை 39, 40 வாரம். இரட்டையர் சராசரியாக 35, 36. மூன்று என்றால் 32ஐ ஒட்டி. நான்கு என்றால் 30. ஒவ்வொரு குழந்தை கூடும்போதும் சில வாரங்கள் கழிகின்றன. கருப்பை ஓரளவுக்கு மேல் விரியாது, விரிந்தால் வலி தொடங்கிவிடும். எடையும் அப்படியே: மூன்றில் ஒருவர் சராசரியாக ஒன்றே முக்கால் கிலோவை ஒட்டியும், நான்கில் ஒருவர் ஒன்றேகால் கிலோவை ஒட்டியும் இருப்பார்கள். சராசரி என்றால் ஏறத்தாழப் பாதிப் பேர் அதற்கும் கீழே.

மூன்றாகப் பிறந்ததற்காக ஒரு குழந்தைக்கு நோய் வருவதில்லை. 32 வாரத்தில் பிறந்த மூவரில் ஒருவரையும் 32 வாரத்தில் பிறந்த ஒற்றைக் குழந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தேறுகிறார்கள். நுரையீரலும் மூளையும் குடலும் வாரத்தைத்தான் பார்க்கின்றன. தேக்காவில் காய்கறி வாங்கப் போனால்கூட "எத்தனை பிள்ளை, எத்தனை பிள்ளை" என்று கேட்பார்கள். பச்சிளங் குழந்தை மருத்துவர் வந்ததும் கேட்பது "எத்தனை வாரம்?"

ஜூன் 17

வாரம் மட்டும் போதாது, எடையும் இல்லையா என்று கேட்ட அண்ணனுக்கு: ஆமாம், எடையும்தான், ஆணா பெண்ணா என்பதும்தான். ஒரே வாரத்தில் பிறந்தால் பெண் குழந்தைகள் சற்றுக் கெட்டியாக இருக்கிறார்கள் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். எங்கள் வீட்டிலும் முதலில் குழாய் கழன்றது நடுவளுக்குத்தான்.

ஆனால் எடை குறைந்தாலும் வாரம் கைகொடுக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2020 ஜூன் 9ஆம் தேதி தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 212 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒற்றைக் குழந்தை, ஏறத்தாழ 25 வாரம். தாய்க்கு ரத்த அழுத்தம் எகிறியதால் அறுவை செய்து எடுத்தார்கள். 13 மாதம் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பியது. அதே 212 கிராம் 21ஆம் வாரத்தில் என்றால் பிழைப்பது மிக மிக அரிது.

ஜூன் 20

"ஏழு மாதப் பிள்ளை தங்கும், எட்டு மாதப் பிள்ளை தங்காது, ஆகவே எட்டைத் தொடுவதற்குள் எடுத்துவிடச் சொல்லுங்கள்" என்று ஒரு மாமி எழுதியிருக்கிறார். மாமி, உங்கள் மேல் மரியாதை வைத்துச் சொல்கிறேன், இதை இனி எந்தக் கர்ப்பிணியிடமும் சொல்லாதீர்கள். என் மாமியாரும் இதையே சொன்னார், அவருடைய தாயாரும் சொல்லியிருக்கிறார். வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குச் சேமிப்பு. எட்டு ஏழைவிட நல்லது, ஒன்பது எட்டைவிட நல்லது. மூன்று குழந்தைகள் இருக்கும்போது மருத்துவர்கள் 40 வரை காத்திருப்பதில்லை, அதற்கு வேறு காரணங்கள் உண்டு. அதை ஏழு எட்டுக் கணக்கோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

குறைமாதக் குழந்தையின் முதல் எதிரி மூச்சு. நுரையீரலின் காற்றுப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு வழுவழுப்பான பொருள் சுரக்க வேண்டும், சர்ஃபாக்டன்ட் என்பார்கள். 34 வாரத்தை ஒட்டித்தான் அது போதுமான அளவு சேரும். இது இல்லாததால்தான் இந்தக் குழந்தைகளுக்கு மூச்சு திணறுகிறது என்று 1959ல் மேரி எல்லன் ஏவரி கண்டுசொன்னார். 1963ல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். 34 வாரத்துக்கு மேல், இரண்டு கிலோவுக்கும் மேல். இன்று அப்படி ஒரு குழந்தை பிறந்தால் தாய் அவ்வளவாகப் பதற மாட்டாள். அன்று அமெரிக்க அதிபரின் பிள்ளை இரண்டு நாள்கூட இருக்கவில்லை. கொடுக்க மருந்தே இல்லை. 1980ல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற மருத்துவர் அந்தப் பொருளைக் குழந்தையின் மூச்சுக்குழாயில் விட்டுக் காட்டிய பிறகுதான் கதை மாறியது. என் மூவருக்கும் அது பிறந்த அறையிலேயே கிடைத்தது.

அதற்கு முந்தைய படி ஒன்றும் உண்டு. பிரசவம் நெருங்குகிறது என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டெராய்டு ஊசி போடுவார்கள், பெரும்பாலும் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்பவர் ஆடுகளின் பிரசவத்தை ஆராய்ந்தபோது, குறைமாதத்தில் பிறந்த குட்டி செத்துப்போகாமல் மூச்சு விடுவதைப் பார்த்தார். அங்கே தொடங்கியது. 1972ல் லிக்கின்ஸும் ஹோவியும் பெண்களிடம் நடத்திய சோதனையை வெளியிட்டார்கள். அந்த ஊசி தொடையில் நன்றாகவே வலிக்கும் தம்பி, மனைவியிடம் முன்பே சொல்லிவையுங்கள். 32 வாரத்துக்கு முன் என்றால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியமும் ஏற்றுவார்கள். அது ஏறும்போது உடம்பெல்லாம் தீயாகக் காயும். எனக்கு மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்தார்கள்.

ஜூன் 21

பொங்கோல் தம்பி, மேலே எழுதியதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். அடுத்த பரிசோதனையில் கேளுங்கள்: மூன்றுக்கும் எத்தனை நஞ்சுக்கொடி (தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்கு உணவும் ஆக்சிஜனும் தரும் உறுப்பு)? மூன்று தனித்தனி என்றால் நல்லது. இரண்டு குழந்தைகள் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்தால், ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் போய்விடக்கூடும். கொடுப்பது வாடும், வாங்குவது வீங்கும், இரண்டுக்குமே ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வேண்டும். கருப்பைக்குள்ளேயே லேசர் வைத்து அந்த ரத்தக் குழாய்களை அடைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் "மூன்று" என்று சொல்வதில் பாதிப் பொருள்தான் இருக்கிறது.

ஜூன் 21, பிற்பகல்

நஞ்சுக்கொடி மூன்றும் தனி என்று பதில் வந்திருக்கிறது. நல்ல செய்தி.

ஜூலை 2

சோதனைக் குழாய் முறைதான் இத்தனைக்கும் காரணம் என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். சற்றுப் பொறுங்கள்.

ஹெல்லின் என்பவர் 1895ல் சொன்ன ஒரு பழைய கணக்கு உண்டு. 89 பிரசவங்களில் ஒன்று இரட்டை. 89ஐ 89ஆல் பெருக்கினால் வரும் ஏறத்தாழ 7,900 பிரசவங்களில் ஒன்று மூன்று. இன்னொரு முறை பெருக்கினால் ஏழு லட்சத்தில் ஒன்று நான்கு. துல்லியமான கணக்கு என்று சொல்ல முடியாது, ஆனால் இயற்கை எவ்வளவு அரிதாக இதைச் செய்கிறது என்பது புரியும். இந்தக் கணக்கைக் குலைத்ததில் முட்டை வளரக் கொடுக்கும் மாத்திரைக்கும் ஊசிக்கும் பெரும் பங்கு உண்டு. 1971ல் சிட்னித் தாய்க்கும், 1997ல் அமெரிக்காவின் ஐயோவாவில் ஏழு பெற்ற தாய்க்கும் அப்படித்தான் ஆனது. எனக்கும் அதுதான். கருவை வெளியே வளர்த்து உள்ளே வைக்கும் முறையில், எத்தனை வைப்பது என்பது மருத்துவர் கையில் இருக்கிறது. ஊசியில் எத்தனை முட்டை ஒன்றாகப் பழுக்கும் என்பது யார் கையிலும் இல்லை. ஸ்கேனில் அதிகம் தெரிந்தால் அந்த மாதத்தை விட்டுவிட வேண்டும். வருடக்கணக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணிடம் "இந்த மாதம் வேண்டாம்" என்று சொல்வது எளிதல்ல. என்னிடம் ஒருவர் சொன்னார், நானும் என் கணவரும் கேட்கவில்லை.

கரு வைக்கும் முறையில் தவறு நடந்ததும் உண்டு. 2009ல் கலிஃபோர்னியாவில் எட்டுக் குழந்தைகள் பிறந்தன. அந்தத் தாய்க்கு மருத்துவர் 12 கருக்களை வைத்திருந்தார். எட்டும் பிழைத்தன, ஆனாலும் 2011ல் அந்த மருத்துவரின் உரிமம் பறிக்கப்பட்டது. பறித்தது சரி என்பேன். பிழைத்துவிட்டார்கள் என்பது செய்ததை நியாயமாக்காது. சிங்கப்பூரில் பொதுவான விதி, ஒரு முறைக்கு இரண்டு கருவுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது. இரண்டு வைத்து, அதில் ஒன்று தானாகவே இரண்டாகப் பிரிந்து மொத்தம் மூன்று ஆகிவிடுவதும் உண்டு, அது விதிக்குள் அடங்காது.

இந்தத் துறையில் நம்மவர் ஒருவரைப் பற்றி இளையவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய பேராசிரியர் ச. ச. ரத்னம் தலைமையில்தான் 1983 மே மாதம் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. ஆசியாவின் முதல் குழந்தை என்று இங்கே சொல்வார்கள். ஆனால் கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் 1978 அக்டோபரிலேயே ஒரு பெண் குழந்தையைப் பிறக்க வைத்தார். அவர் உயிரோடு இருந்தவரை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை, பிறகுதான் அங்கீகாரம் வந்தது. இரண்டு பேரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஜூலை 3

நான்கு என்று தெரிந்து இரவெல்லாம் அழுததாக எழுதிய தங்கைக்கு.

எண்ணிக்கையைக் குறைப்பது பற்றி மருத்துவர் பேசினார், அது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களிடமும் அந்தப் பேச்சு வந்தது. வழக்கமாக 11லிருந்து 14 வாரத்துக்குள் செய்வார்கள். நான்கை இரண்டாக்கினால் மிகக் குறைந்த வாரத்தில் பிறக்கும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. முழுக் கருவும் கலைந்துபோகும் ஆபத்தும் சிறிது இருக்கிறது. இரண்டும் உண்மை. நாங்கள் வேண்டாம் என்றோம்.

ஜூலை 3, இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "நாங்கள் வேண்டாம் என்றோம்" என்ற வரியோடு விட்டால், நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. எனக்கு மூன்று, தங்கைக்கு நான்கு. எனக்கு ரத்த அழுத்தம் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. என் மூவரும் என் கண்முன்னே ஓடுகிறார்கள் என்பதை வைத்து அன்றைய முடிவை நான் இன்று மெச்சிக்கொள்ளலாம். வேறு மாதிரி முடிந்திருந்தால் இதே முடிவை நினைத்து வாழ்நாளெல்லாம் மருகியிருப்பேன். குறைத்துக்கொண்ட தாய்மாரையும் எனக்குத் தெரியும், அவர்களும் பிள்ளைகளை நேசித்துத்தான் முடிவெடுத்தார்கள். பாவ புண்ணியம் பேச வரும் உறவினரிடம் இதை விவாதிக்காதீர்கள். நீங்கள், கணவர், மருத்துவர், அவ்வளவுதான்.

ஜூலை 19

பால் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இதை விரிவாகவே எழுதுகிறேன்.

29 வாரக் குழந்தைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிட்டு, மூன்றையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது. 34 வாரத்தை ஒட்டித்தான் வரும். அதுவரை மூக்கு வழியாக அல்லது வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். குழாயின் நுனியில் சிரிஞ்சை மாட்டி, உள்ளே தள்ளும் தண்டை எடுத்துவிட்டு, பாலை ஊற்றி, தாதி அதைக் கையால் உயர்த்திப் பிடிப்பார். யாரும் அழுத்துவதில்லை. பால் தானாக இறங்கும். ஒரு மில்லி இறங்குவதை நின்று பார்த்திருக்கிறேன். கோடு அசையாதது போலவே இருக்கும். கையைச் சற்றுத் தாழ்த்தினால் நின்றுவிடும், உயர்த்தினால் இறங்கும். ஊற்றுவதற்கு முன் இரண்டு தாதிகள் புட்டியில் உள்ள எண்ணையும் குழந்தையின் கணுக்காலில் உள்ள எண்ணையும் உரக்கப் படித்து ஒப்பிடுவார்கள். மூவருக்கும் தாய் நானே, பிறகு எதற்கு ஒப்பிட வேண்டும் என்று கேட்டேன். பால் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவருக்கும் அதில் கலக்கும் சத்து வேறு, அளவு வேறு என்றார் அந்தத் தாதி. மூவரைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அது.

முதல் நாட்களில் எனக்கு வந்த சீம்பால் மூவருக்குப் போதவில்லை. யாருக்குக் கொடுப்பது? பங்கு போட்டுச் சமமாகக் கொடுங்கள் என்றேன். மருத்துவர் சின்னவனுக்கு முதலில் என்றார். அவன் 870 கிராம், மற்ற இருவரும் ஒரு கிலோவுக்கு மேல். மிகச் சிறிய குழந்தைகளின் குடல் அழற்சி கண்டு அழுகிப்போகும் ஒரு நோய் உண்டு, உயிரையே எடுத்துவிடும். மாட்டுப்பால் மாவைவிடத் தாய்ப்பால் அதிலிருந்து காக்கும். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் கேகே மருத்துவமனையில் நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியிருந்தது. முகம் தெரியாத தாய்மார் கொடுத்த பால், காய்ச்சிச் சுத்திகரித்து வந்தது. பெரியவனும் நடுவளும் அதைக் குடித்தார்கள். எங்கள் குடும்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். எந்த இனத்துப் பாலோ என்றார்கள். என் பிள்ளைகளின் குடல் அழுகாமல் இருந்தது. அந்தத் தாய்மாருக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

ஜூலை 20

பார்க்க வருகிறவர்கள் பற்றி. நேற்று எழுதும்போது நினைவுக்கு வந்தது.

1934 மே 28ஆம் தேதி கனடாவின் ஒன்டாரியோவில் டியோன் என்ற ஏழைக் குடும்பத்தில் ஐந்து பெண்கள் பிறந்தார்கள், இரண்டு மாதம் முன்னதாக. ஐந்து பேரின் எடையும் சேர்ந்தே ஆறு கிலோதான். கூடையில் போட்டு அடுப்பின் சூட்டருகே வைத்துக் காப்பாற்றினார்கள், டொரண்டோவிலிருந்து தாய்ப்பால் வரவழைத்தார்கள். குழந்தைப் பருவத்தைத் தாண்டிய முதல் ஐவர் என்று உலகம் கொண்டாடியது. பிறகு அரசு அவர்களைப் பெற்றோரிடமிருந்து எடுத்து, தனி வளாகத்தில் வைத்துக் காட்சிப் பொருளாக்கியது. ஏறத்தாழ 30 லட்சம் பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். 1998ல் ஒன்டாரியோ அரசு, அப்போது உயிரோடிருந்த மூன்று சகோதரிகளுக்கு 40 லட்சம் கனடிய டாலர் இழப்பீடு கொடுத்தது. உடம்பு பிழைத்தால் போதும் என்று நினைத்தவர்கள் செய்த காரியம்.

நம் சமூகத்தில் மூன்று பிறந்தால் வீடு நிறைய ஆட்கள். குழந்தையைத் தூக்க வேண்டும், முத்தமிட வேண்டும், மூன்றையும் வரிசையாகப் படுக்கவைத்துப் படம் எடுக்க வேண்டும். ஒருவரின் சளி என் சின்னவனைத் திரும்பவும் ஆக்சிஜனுக்குக் கொண்டுபோனது. வாசலில் நின்று "இப்போது வேண்டாம் அத்தை" என்று சொல்லக் கணவரைப் பழக்குங்கள். வருத்தப்படட்டும்.

ஆகஸ்ட் 8

"உங்கள் மூன்றும் நலமா?" இந்த இழையிலேயே பலர் கேட்டுவிட்டார்கள். அன்போடு கேட்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. பெரியவனைக் கேளுங்கள், சொல்கிறேன்: கண்ணாடி போடுகிறான், மற்றபடி குறையில்லை. நடுவளைக் கேளுங்கள்: மழைக்காலத்தில் இளைப்பு வரும், பம்ப் வைத்திருக்கிறாள், பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள். சின்னவனைக் கேளுங்கள்: அவனுக்குப் பெருமூளை வாதம், அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகள் விறைத்து அசைவு கட்டுப்படாத குறை. லேசானது, கால்களில். மூன்றையும் சேர்த்துக் கேட்டால் நலம் என்று சொல்லி அவனை மறைக்க வேண்டும், அல்லது நலமில்லை என்று சொல்லி மற்ற இருவரையும் மறைக்க வேண்டும்.

மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து 1993ல் வந்த ஓர் ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. ஒரு வயதைத் தாண்டிய ஆயிரம் பேரில் பெருமூளை வாதம் ஒற்றைக் குழந்தைகளில் 1.6, இரட்டையரில் 7.3, மூவராகப் பிறந்தவர்களில் 28. மேலே சொன்ன ஐயோவாவின் ஏழு பேரும் பிழைத்தார்கள், உலகில் முதல்முறையாக ஏழும் பிழைத்தது அதுதான். அதில் இருவருக்குப் பெருமூளை வாதம். 28ஐப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆயிரத்தில் 972 பேருக்கு அது இல்லை. ஆனால் அந்த 28 பேரும் ஏதோ ஒரு தாயின் பிள்ளைகள், அவர்களைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் நிறையச் செய்ய முடியும்.

நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம்? குளிப்பாட்டித் துடைக்கும்போது மற்ற இருவரும் கால்களை உதைத்துக்கொள்வார்கள். அவன் கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தரிபோல் பின்னி விறைக்கும். டயப்பர் மாட்டத் தொடைகளைப் பிரிக்கக் கை வலிக்கும். "மூன்றில் ஒன்று மெதுவாகத்தான் வளரும்" என்றார்கள். மூவரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததால்தான் எனக்கு அது கண்ணில் பட்டது. திருத்திய வயதில், அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயதில், ஒன்பது மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட்டது. பிறகு இளம் குழந்தைகளுக்கான ஆரம்பகால உதவித் திட்டத்தில் சேர்த்தோம். இன்று கணுக்காலுக்கு ஒரு தாங்கி அணிந்து நடக்கிறான், படி ஏறுகிறான், அக்காவோடு சண்டை போடுகிறான்.

ஆகஸ்ட் 9

தேசிய தின விடுமுறை, பிள்ளைகள் அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி பற்றிக் கேட்டவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், இது சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு முக்கியம்.

தொடக்கநிலை ஒன்றுக்கான கணக்கு ஜனவரி 2லிருந்து அடுத்த ஜனவரி 1 வரை பிறந்தவர்களுக்கு. என் பிள்ளைகள் 2018 மார்ச்சில் பிறந்திருக்க வேண்டியவர்கள். டிசம்பரிலேயே வந்துவிட்டதால் ஒரு வருடம் முன்னதாக, 2024லேயே பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று. குறைமாதம் என்பதற்காகப் பள்ளி தேதியை யாரும் தானாகத் திருத்தித் தருவதில்லை. சின்னவனுக்கு மட்டும் ஒரு வருடம் தள்ளிவைக்கக் கல்வி அமைச்சிடம் மருத்துவ அறிக்கையோடு விண்ணப்பித்தோம், கிடைத்தது. மூவரையும் பிரிக்கலாமா, ஒரே சீருடையில் ஒன்றாகப் போனால் எவ்வளவு அழகு என்று அழாதவர் இல்லை. இப்போது இருவர் இரண்டாம் வகுப்பு, அவன் முதல் வகுப்பு. அவனுக்கு அந்த வருடம் தேவைப்பட்டது, கொடுத்தோம்.

செப்டம்பர் 10

பொங்கோல் தம்பியிடமிருந்து செய்தி. சனிக்கிழமை, 31ஆம் வாரத்தில் பிறந்துவிட்டார்கள். இரண்டு பெண்கள், 1,620 கிராம், 1,540 கிராம். ஒரு பையன், 1,180 கிராம். ஊசி இரண்டும் முடிந்த பிறகு பிரசவம். பெண்கள் ஆக்சிஜன் முகக்குழாயோடு, பையன் வென்டிலேட்டரில். மனம் நிறைந்தது தம்பி. நீங்கள் 19ஆம் வாரத்தில் கேட்டதற்கும் இன்றைக்கும் நடுவில் உங்கள் மனைவி சேர்த்த 12 வாரம் இது.

முதல் மூன்று நாளில் தலைக்குள் ரத்தம் கசியவில்லையா என்று ஸ்கேன் எடுப்பார்கள், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. மஞ்சள் காமாலை விளக்கு எல்லோருக்கும் வரும், கலங்க வேண்டாம். மூச்சு சில விநாடி நின்று மணி அடிக்கும், அதற்குக் கஃபீன் கொடுக்கிறார்கள், அதையும் எதிர்பாருங்கள். மனைவியின் மகப்பேற்று விடுப்பு மூன்று பெற்றாலும் அதே 16 வாரம்தான். உங்களுக்கு நான்கு வாரம், 2025 ஏப்ரலில் வந்த விதிப்படி இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பும் ஆறு வாரம் உண்டு. எல்லாவற்றையும் இப்போதே எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். குழந்தைகள் வீட்டுக்கு வரும்போதுதான் கைகள் போதாது.

செப்டம்பர் 12

தம்பியின் கடைசிக் கேள்விகள்.

தடுப்பூசி எந்த வயதுக் கணக்கில்? பிறந்த தேதிக் கணக்கில்தான், பொதுவாகத் திருத்திய வயதைப் பார்ப்பதில்லை. உட்காருவது, நடப்பது, பேசுவது மட்டும் இரண்டு வயது வரை திருத்திய வயதில் பாருங்கள்.

கட்டணம்? குழந்தைகள் குடிமக்கள் என்றால் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் பிறந்த நாளிலிருந்தே உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி ரசீது. மருத்துவ சமூக சேவையாளரை இந்த வாரமே பாருங்கள், பில் வந்த பிறகு போகாதீர்கள்.

மூன்று நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். ஒன்றில் மூவரையும் எழுதினால் இரண்டாம் வாரமே யாருக்கு எந்த மருந்து என்று குழம்பும். பையனின் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே கண் பரிசோதனைத் தேதியை எழுதுங்கள். 1,500 கிராமுக்குக் கீழே பிறந்ததால் அவனுக்கு விழித்திரை பார்த்தாக வேண்டும், பிறந்து நான்காம் வாரத்தை ஒட்டி, அதாவது அக்டோபர் முதல் வாரத்தில். பெண்களுக்குத் தேவையா என்று மருத்துவர் சொல்வார். பரிசோதனை பார்க்கப் பொறுக்காது, நீங்கள் வெளியே நிற்கலாம். ஆனால் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம், அவன் அதற்குள் வார்டு மாறியிருந்தாலும், வீட்டுக்கே வந்திருந்தாலும்.